எடைக்குப் போன சித்திரக் கதைகள்

மழையை நம்ப இயலாத கரிசல் பூமிக்குத் தீப்பெட்டி சோறு போட்டது. 1920-களில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் பயின்று வந்த அத்தொழில் கோவில்பட்டி வரை வேரோடியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அவ்வாறு அச்சுத்தொழில் செழித்த சிவகாசியில்தான் 1972-இல் முத்து காமிக்ஸ் பிறந்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் தோன்றி, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையில் உருப்பெற்றவன் இம்மாயாவி. 1984-இல் லயன் காமிக்ஸும் வந்தது.

சிறுவர் கைகளில் கிழிந்து, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போன இதழ்கள் எத்தனையோ! எஞ்சியவற்றுக்கு இன்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கின்றனர். அமெரிக்காவில் 1938-இல் பத்து சென்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் பிரதியொன்று 2024-இல் அறுபது லட்சம் டாலருக்குப் போயிற்று. அச்செய்தியே இங்குள்ளோர்க்கும் ஆசையூட்டுகிறது.

ஆனால் அங்கே 1970 முதல் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு உண்டு. 2000 முதல் பிரதியின் தரத்தை மதிப்பிட்டு உறையிட்டுத் தரும் நிறுவனமும் உண்டு. இங்கே வாங்குபவரின் கண்தான் தராசு. நடுத்தாள் இருக்கிறதா, அட்டை அதே இதழுடையதா என்று விற்பவர் சொன்னாலன்றி எளிதில் தெரியாது. மலிவுத் தாளோ பீரோவுக்குள்ளும் பழுப்பேறி நொறுங்கும். மாயாவியின் கதைகள் மறுபதிப்பாகவும் வந்துவிட்டமையால், கதைக்காகப் பழம்பிரதியைத் தேட வேண்டியதில்லை. அந்த விலையைத் தாங்கி நிற்பது சேகரிப்போர் சிலரின் வேட்கை மட்டுமே. பிள்ளையின் படிப்புக்கென வைத்த பணத்தை அதில் முடக்குவோர், நாளை வாங்க வருபவர் யாரென்று இன்றே எண்ணிப் பார்ப்பது நல்லது.