தோம்பு

தோம்பு: இலங்கையில் போர்த்துக்கீசர் தொடங்கி, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) விரித்து எழுதிய குடி, நிலப் பதிவேடு. போர்த்துக்கீச மொழியிலிருந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும் வந்த பெயர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஒரு சாதாரணக் குடியானவனின் பெயர், அவன் மனைவி மக்கள், அவன் வீட்டு முற்றத்துத் தென்னை எல்லாம் ஒரே இடத்தில் எழுதப்பட்ட ஆவணம் தெற்காசியாவில் அரிது. அதனால் வரலாற்று ஆய்வாளர்களோடு பூட்டனின் பெயரைத் தேடுகிறவர்களும் இதை நாடுகிறார்கள்.

எழுதியவர்களின் நோக்கம் வேறு. யாரிடம் எவ்வளவு வரி கேட்கலாம், எந்தக் குடி என்ன ஊழியம் செய்யக் கடமைப்பட்டது என்பதே அவர்களின் கவலை. போர்த்துக்கீச நிதி அதிகாரி அந்தாவ் வாஸ் ஃப்ரெய்ரே 1610களில் கடலோர ஊர்களைக் கணக்கெடுத்தார். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின் அங்கும் இதே வேலை நடந்தது. 1645ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கணக்கை அடிப்படையாக வைத்து பால் இ. பீரிஸ் 1920இல் ஒரு நூல் வெளியிட்டார்.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். பழைய கணக்கு கையில் இருந்தும் அவர்களுக்கு நிறைவில்லை. 1740கள் முதல் ஊர் ஊராகப் புதிதாக எழுதத் தொடங்கி, 1760களிலும் 70களிலும் திருத்தினார்கள். தலைத்தோம்பில் குடும்பத் தலைவன், உறவுமுறையோடு வீட்டார், வயது, சாதி, கடமை. நிலத்தோம்பில் தோட்டம், வயல், மரங்களின் எண்ணிக்கை: தென்னை இத்தனை, பலா இத்தனை, கமுகு இத்தனை. பின்னாளில் ஒருவர் இறந்தால் பெயருக்குப் பக்கத்தில் அதையும் குறித்தார்கள். நிலவழக்கு வந்தபோது ‘லாண்ட்ராட்’ என்ற ஒல்லாந்த மன்றத்தில் தோம்பே சான்றானது. வரிக்கு அஞ்சிய குடிகளே பிற்பாடு தங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிவந்தது இதனால்தான்.

மூன்றாவது வகை பள்ளித்தோம்பு. சீர்திருத்தத் திருச்சபையின் பள்ளி வாத்தியார் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் இதில் பதிந்தார். ஒல்லாந்த ஆட்சியில் உத்தியோகமும் முறைப்படியான திருமணப் பதிவும் வேண்டுமானால் ஞானஸ்நானம் பெற்றாக வேண்டும். ஆகவே இப்பெயர்களைப் பார்த்து மதத்தை முடிவுசெய்வது தவறாகும். வீட்டில் விபூதி பூசியவரும் ஏட்டில் பிலிப்பாக இருக்கலாம்.

ஒல்லாந்த மொழி தெரிந்தால் தோம்பு படித்துவிடலாம் என்பது பாதி உண்மை. 18ஆம் நூற்றாண்டுக் கூட்டெழுத்தில் ‘என்’னும் ‘யு’வும் ஒரே வடிவம், யுவின் தலைமேல் ஒரு சிறு வளைவு போட்டால்தான் வேறுபாடு. எழுத்தர் அவசரத்தில் வளைவை விட்டிருந்தால் கந்தன் கவுடனாகிவிடுவான். உகரத்தை அவர்கள் ‘ஓ’, ‘இ’ என இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். ஆங்கிலம் பழகிய கண் முத்துவை ‘மோட்டோ’ என்று படித்துக் கடந்துபோகும். ‘ஜே’ வந்தால் யகரம். மாதத்துக்கும் ஒரு பொறி உண்டு: 7 என்ற எண்ணோடு ‘பர்’ சேர்த்திருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர். பழைய ரோமானிய எண்ணிக்கை அது. போதாததற்கு, அந்தக் காலத்து இரும்புச் சத்து மை தாளை அரித்துப் பின்பக்க எழுத்தை முன்பக்கத்தில் காட்டும். புதியவர்கள் பெயரில் தொடங்கித் திணறுவார்கள். பக்கத்துக்குப் பக்கம் மாறாமல் வரும் உறவுச்சொல், மரம், நாணயம் ஆகியவற்றை முதலில் பிடித்துக்கொண்டு எழுத்தரின் கையைப் பழகுவதே நல்ல வழி.

1796இல் இலங்கைக் கடலோரம் முழுதும் ஆங்கிலேயரிடம் போனது. ஒல்லாந்த ஏடுகளைக் காத்து ஒழுங்குபடுத்தியதில் அரசின் முதல் ஆவணக் காப்பாளர் ஆர். ஜி. அந்தோனிஸுக்குப் பெரும்பங்கு உண்டு. 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் இதழ், தேவாலயப் பதிவேடுகளைக் கொண்டு குடும்ப வம்சாவளிகளை வெளியிட்டது. தமிழர்களில், யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் ஒல்லாந்த ஆவணங்களை மூலமொழியிலேயே படித்து, 1658 முதல் 1687 வரையான ஒல்லாந்த ஆட்சி பற்றி 1958இல் நூல் எழுதினார்.

கடலுக்கு இந்தப்புறம், தமிழகத்தின் தூத்துக்குடிப் பக்கம், தோம்பு இல்லை. தூத்துக்குடி 1658இல் ஒல்லாந்தர் கைக்கு வந்து, இடையிடையே பறிபோய், 1825இல் ஒரேயடியாக ஆங்கிலேயருக்குச் சென்றது. ஆனால் ஒல்லாந்தரிடம் இருந்தது துறைமுகமும் வணிகமும்தான். உள்நாட்டு வரி நாயக்கருக்கும் பாளையக்காரருக்கும் பிறகு நவாபுக்கும் போனது. வரி வாங்காதவன் வீட்டுத் தலையை எண்ணுவானேன்? நெல்லைச் சீமைத் துணி பற்றி ஒல்லாந்தக் கடிதங்களில் நிறைய இருக்கும், நெசவாளியின் பிள்ளைகளைப் பற்றி இருக்காது. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ள ஒல்லாந்தத் தொகுதிகளிலும் பெரும்பகுதி கொச்சியிலிருந்து வந்தவை.

தோம்பு இல்லாத இந்தப்புறத்தில், தென்காசி வட்டாரத்தில் வேர் தேடுகிறவர்களுக்கு வேறொரு மொழிச்சிக்கல் காத்திருக்கிறது. குற்றாலமும் தென்காசியும் ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. குற்றாலத்து ஐந்தருவிக்குச் சில கிலோமீட்டர் வடக்கே உள்ள செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் கீழ். ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகளுக்கு இரண்டு அரசாங்கத்தின் காகிதம். செங்கோட்டைப் பக்கம் மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டும் வரும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824ஐயும் மற்ற நாட்களுக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் பங்காளிகள். ஹேக் நகரில் உள்ள கம்பெனிக் காகிதங்களில் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களை ‘குளோபலைஸ்’ என்ற திட்டம் கணினியைக் கொண்டு படித்து, தேடத்தக்க எழுத்தாக மாற்றியிருக்கிறது. அவை ஆசியாவிலிருந்து நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்ட கடிதங்களும் அறிக்கைகளும். தோம்புகள் கப்பலேறவில்லை, அவற்றின் மூல ஏடுகள் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில்தான் இருக்கின்றன.