பியர் மேசையில் யாருக்கு நாற்காலி?

பூண்டுலோயாவிலிருந்து நுவரெலியாவுக்குப் போனா, கூட்டாளிகளோட உட்கார்ந்து சொசேஜும் பியரும் வாங்கிப் பேச இன்று இடமிருக்கு. ஆனா நம்ம மலைக்குப் பியர் புதுசில்லை. 1876இல் அங்கே ஹில் கிளப் தொடங்கியது. 1881இல் சிலோன் புரூவரி வந்தது. பியர் காய்ச்ச மலைக்குளிரும் நல்ல தண்ணீரும் தோதா அமைந்தன. துரைமார் கிளப்பில் கூட்டமாக உட்கார்ந்து குடித்தார்கள். அந்தக் கதிரைகள் பல பத்தாண்டுகள் வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும்தான். தோட்டத் தொழிலாளிக்கு இருந்தது சாராயத் தவறணை. அந்தக் குத்தகைப் பணம் காலனி அரசின் கஜானாவுக்குப் போனது. துரை குடித்தால் பொழுதுபோக்கு, நம்ம தாத்தா குடித்தால் 'குடிகாரத் தோட்டத்தான்'. குடியை நாம நியாயப்படுத்தல. அந்தப் பட்டத்தைச் சூட்டியது யார், அதில் லாபம் பார்த்தது யார்னுதான் கேட்கிறோம்.