பார்டர் எங்கப்பா இருக்கு? - ஐந்தருவிக் குறிப்புகள்

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை. ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்குக் காத்திருந்தோம். குளித்த பிறகு வருகிற பசி தனிப் பசி. அது குற்றாலம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அப்போது மகள் கேட்டாள்: "பார்டர் பார்டர்னு சொல்றீங்களே, பார்டர் எங்கப்பா இருக்கு? கேரளா இன்னும் தள்ளித்தானே இருக்கு?"

நியாயமான கேள்வி. கூகுள் மேப்பில் பார்த்தால் மாநில எல்லை செங்கோட்டை, புளியரை எல்லாம் தாண்டி மலை மேல் இருக்கிறது. பிரானூரில் எந்தக் கோடும் இல்லை. நாற்பது வருஷமாக நானும் 'பார்டர்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடியதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

பதில் எளிது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி பக்கம். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோதுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. குற்றாலமும் தென்காசியும் அதற்கு முன்பே பிரிட்டிஷ் ஆட்சியின் திருநெல்வேலி ஜில்லா. ஆக, பிரானூரில் நிஜமாகவே ஒரு எல்லை இருந்தது. கோடு போய்விட்டது, பேர் நின்றுவிட்டது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோதும் அந்தப் பேரை யாரும் மாற்ற நினைக்கவில்லை. பரோட்டா காப்பாற்றிக் கொடுத்த சரித்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மிச்சமும் உண்டு. குற்றாலத்தில் திருவிதாங்கூர் ராஜாக்களுக்கு ஒரு அரண்மனை இருந்தது. சாரல் பருவத்தில் வந்து தங்குவதற்காக. அது இருப்பது தமிழ்நாட்டில், ஆனால் மாநிலப் பிரிவினைக்குப் பிறகு கேரள அரசின் சொத்தானது. ராஜாவும் சாரலுக்கு வந்திருக்கிறார், நாமும் வருகிறோம். அவர் வரிசையில் நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, எல்லோரும் ஏன் இங்கே வந்தார்கள்? குற்றாலம் மலைவாசஸ்தலமே இல்லை. கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரம்கூடக் கிடையாது. ரகசியம் மலையின் உயரத்தில் இல்லை, மலையில் இருக்கும் இடைவெளியில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு பக்கம் கொஞ்சம் தாழ்ந்து கணவாயாகிறது. ஜூனில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, அந்த ஈரக் காற்று இந்த இடைவெளி வழியாக நுழைந்து இந்தப் பக்கம் வருகிறது. மழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே இறங்கிவிடும். நமக்கு வருவது மிச்சம்: குளிர்ந்த காற்று, பொடிப்பொடியான தூறல், நடுவில் இளவெயில். அதுதான் சாரல். மலை மேல் பெய்கிற மழைதான் சிற்றாற்றில் சேர்ந்து அருவியாக விழுகிறது. இங்கிருந்து கிழக்கே சில பத்து கிலோமீட்டர் போனால் அதே ஆனி, ஆடியில் புழுதி பறக்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டைத் தோட்டங்கள் போட்டுப் பார்த்தார்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1830களில் இங்கே தங்கிச் செடிகள் சேகரித்தார். பாளையங்கோட்டை வெயிலில் வாடிய வெள்ளைக்கார அதிகாரிகள் பருவம் வந்தால் குடும்பத்தோடு இங்கே வந்து பங்களாக்களில் தங்கினார்கள். இன்று சாலையோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து விற்கிறார்களே, அந்தப் பழங்கள் இங்கே விளைவதற்கும் அதே ஈரக் காற்றுதான் காரணம்.

பிறகு ஒரு திருப்பம். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 2,100 மீட்டர் உயரம், சீமைக் குளிர். வெள்ளைக்காரர்களின் கோடை மெல்ல மெல்ல அங்கே ஏறிப்போனது. இதற்கு ஒரு சாட்சி, நாம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கும் ஒரு சம்பவத்தில் இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் மணியாச்சி ஜங்ஷனில் சுடப்பட்டார். மனைவியோடு ரயிலில் அவர் போய்க்கொண்டிருந்தது கொடைக்கானலுக்கு. அங்கே அவர்களுடைய பிள்ளைகள் இருந்தார்கள். சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். அதாவது பார்டருக்கு அந்தப் பக்கம், சாரல் விழுகிற ஊர். ஜூன் நடுவில், குற்றாலத்தில் பருவம் தொடங்குகிற நேரத்தில், ஜில்லா கலெக்டரின் குடும்பம் தன் ஜில்லாவைத் தாண்டி மலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவர்கள் விட்டுப்போன குற்றாலம் நம்முடையதானது. உண்மையில் அது என்றைக்கும் நம்முடையதுதான். சம்பந்தர் பாடிய தலம், நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை இருக்கும் ஊர். சித்திரை விசுவுக்கும் ஐப்பசி விசுவுக்கும் சுற்றுப்பட்டு ஜனம் வந்து அருவியில் தலை நனைத்துக் கோயிலுக்குப் போவது பழைய வழக்கம். புதிதாக வந்தது 'சும்மா தங்கிவிட்டு வருவது'. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை மீட்டர் கேஜ் ரயில் பாதை 1904இல் முழுமையானது. அதற்குப் பிறகு சாமான் செட்டு, பிள்ளை குட்டியோடு வருவது சுலபமானது.

அப்படித் தங்குவதை ஒரு கலையாகவே ஆக்கியவர் ரசிகமணி டி.கே.சி. (1882-1954). வக்கீலுக்குப் படித்தவர், அறநிலையத் துறையில் ஆணையராக இருந்தவர். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். கல்கியும் ராஜாஜியும் அவருடைய விருந்தாளிகள். காலையில் அருவி, பிறகு சாப்பாடு, பிறகு கம்பன், மறுபடி சாப்பாடு. அவருடைய நினைவிடம் ஐந்தருவி போகும் வழியில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது ரெண்டு நிமிஷம் வண்டியை நிறுத்துங்கள். ஒரு வீட்டில் நாலு பேர் கூடிக் குளித்துச் சாப்பிட்டுப் பேசுவதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்று காட்டிய மனிதர்.

எங்கள் வீட்டில் கம்பன் கிடையாது, புளியோதரை உண்டு. எண்பதுகளின் கடைசியில் பாளையங்கோட்டையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் தென்காசி, அங்கிருந்து பஸ். ஒரு விஷயம் அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது: பள்ளிக்கூட லீவு ஏப்ரல் கடைசியிலும் மேயிலும், சாரல் ஜூனில் தொடங்கும். லீவு விட்டால் அருவியில் தண்ணீர் இருக்காது, தண்ணீர் விழுந்தால் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். இந்த ரெண்டு காலண்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் நம் குடும்பங்களின் குற்றாலம் ஒருநாள் குற்றாலமாக ஆனது. ராஜா மாசக்கணக்கில் தங்கினார். நாங்கள் சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம்.

அந்த ஒருநாள் யாருக்காக என்று யோசித்தால் எனக்கு ஆச்சி ஞாபகம் வருகிறது. ஐந்தருவியில் தண்ணீர் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுவதால் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று பிரித்துக் குளிப்பது சௌகரியம். வருஷம் முழுக்க அடுப்படியை விட்டு நகராத ஆச்சி, முந்தின ராத்திரியே கட்டுச்சோறு கட்டி முடித்துவிட்டு, தலைநிறைய நல்லெண்ணெயோடு அருவிக்கடியில் போய் நிற்பாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் சிரிக்கிற சத்தம் எங்கள் பக்கம் கேட்கும். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. இப்போது எண்ணெய், சோப்பு, ஷாம்பூ எல்லாவற்றுக்கும் அருவியில் தடை. மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2014இல் போட்ட உத்தரவு. ஆற்றுக்கு அது நல்லதுதான். ஆச்சி இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

ஆனால் ஆச்சி ஒரு நிபந்தனையும் வைத்திருந்தாள். எங்களை விடுவதற்கு முன்னால் அஞ்சு நிமிஷம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "நெறம் மாறினாலோ, எலை தழை குச்சி வந்தாலோ, சத்தம் கூடினாலோ, யாரையும் கேக்காதே. மேல ஏறிரு." நாங்கள் பொறுமையில்லாமல் குதித்துக்கொண்டிருப்போம்.

2024 மே 17 அன்று அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. பழைய குற்றாலத்தில் லீவுக்கு வந்த குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீர் வெள்ளம் வந்தது. உறவினர்களோடு வந்திருந்த 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது சாரல் மாதம் இல்லை, கோடை மழை மாதம். அந்த வருஷம் ரெண்டு காலண்டரும் மேயிலேயே சேர்ந்துகொண்டன. மலை மேல் கொட்டுகிற மழை கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. கீழே வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். செங்குத்தான சரிவு, பாறை, குறுகிய ஓடை, எனவே பெய்த தண்ணீர் தேங்க இடமில்லாமல் நிமிஷங்களில் கீழே வந்துவிடும். பேரருவியில் தண்ணீர் நேராக விழாமல் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருகிறது. அங்கேயே வெள்ளம் வந்தால் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில நாட்கள் எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டார்கள். தடையும் அறிவிப்பும் வேண்டியவைதான். சென்சார் வைக்கலாம், மேலே மழை பெய்தால் கீழே சைரன் அடிக்க வைக்கலாம். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பெரிய வேலை இல்லை. ஆனால் சைரன் அடித்தால் ஏற வேண்டும் என்பது உள்ளே இருப்பவருக்குத் தோன்ற வேண்டுமே. போலீஸ் விசில் ஊதும்போது, "இன்னும் ரெண்டு நிமிஷம் சார்" என்று கெஞ்சியவர்களில் நானும் ஒருவன். சாரலுக்கு எத்தனையோ தலைமுறையாக வருகிறோம். குளிக்கிற ஆசையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். தண்ணீரைப் படிக்கிற பழக்கத்தைக் கொடுத்தோமா?

பரோட்டா வந்தது. சால்னாவில் ஊறவைத்துப் பிய்த்துக்கொண்டே மகளுக்கு 1956 கதையைச் சொன்னேன். "அப்போ நாம இப்ப உட்கார்ந்திருக்கிறது பழைய எல்லையிலயா?" என்று கேட்டுவிட்டு, மேஜை நடுவில் விரலால் ஒரு கோடு போட்டு, அவள் தம்பியின் தட்டைத் திருவிதாங்கூருக்குத் தள்ளிவிட்டாள்.

மறுநாள் காலை மறுபடி ஐந்தருவி. இந்த முறை அஞ்சு நிமிஷம் நின்று பார்க்க வைத்தேன். ஆச்சி சொன்ன மூன்றையும் சொன்னேன்: நிறம், குச்சி, சத்தம். ரெண்டு பேரும் பொறுமையில்லாமல் குதித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வெள்ளையாகத்தான் இருந்தது. சரி போங்க, என்றேன்.