முதலில் எந்த இடம்? தங்கவயலின் வெளிச்சத்தில் ஒரு கால்பந்துக் கேள்வி

கற்பனைக் கால்பந்து ஆடுவோரிடையே ஒரு தீராத வழக்கு உண்டு. முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தில், ஒருவர் எடுத்த வீரரை மற்றவர் எடுக்க இயலாது. எனவே முதல் வாய்ப்பில் எந்த இடத்து ஆட்டக்காரரை எடுப்பது? கோல் அடிக்கும் முன்கள வீரரையா, கோலைத் தடுக்கும் பின்கள வீரரையா? தேர்ந்தவர்கள் கூறும் விடை எளிது. மிகுதியான புள்ளி ஈட்டுபவர் யார் என்று கேட்காதே. இவரை விட்டால் அதே இடத்தில் அடுத்துக் கிடைப்பவர் இவரைவிட எவ்வளவு தாழ்ந்தவர் என்று கேள். அந்த இடைவெளி எங்கே பெரிதோ, அங்கே முதலில் கை வை.

இக்கேள்வி கைப்பேசியில் பிறந்ததன்று. இந்தியக் கால்பந்தின் வரலாறே இதற்கு விடை தேடிய வரலாறுதான்.

ஆங்கிலேயர் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த ஆட்டமுறையில் பின்களத்தில் இருவரும் நடுவில் மூவரும் முன்களத்தில் ஐவரும் நிற்பர். பதினொருவரில் ஐவர் தாக்குவதற்கென்றே நின்றமையால், புகழும் தேர்வும் முன்களத்தையே நாடின. 1940களின் இறுதியில் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் தென்னாட்டிலிருந்து திரட்டிய ஐந்து முன்கள வீரர்களை வங்க மக்கள் பஞ்சபாண்டவர் என்றே அழைத்தனர். அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே, அகமது கான் ஆகிய அவ்வைவரின் துணையால், 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்றாண்டுகள் ஐ.எப்.ஏ. கேடயத்தை அக்கழகம் வென்றது. அகமது கான் பெங்களூர்க்காரர்.

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்றது. இந்தியாவின் அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் அதே அகமது கான். குளிரும், வெறுங்காலுடன் ஆடிய பழக்கமும் தோல்விக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன, அவை பொய்யல்ல. எனினும் பின்களத்தில் இருவரை மட்டும் நிறுத்திய பழைய அமைப்பு காலங்கடந்துவிட்டது என்பதும் அன்று வெளிப்பட்டது. 1925இல் ஆஃப்சைடு விதி தளர்த்தப்பட்டபோதே தாக்குவோரின் கை ஓங்கிவிட்டது. அதனை ஈடுகட்டவே ஆர்சனல் கழகத்தின் ஹெர்பர்ட் சாப்மன் நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னிழுத்து மூன்றாம் தடுப்பாளர் ஆக்கினார். இந்தியா அப்பாடத்தைப் பத்துக் கோல்கள் வாங்கிக் கற்றது.

கற்பித்தவர் ஐதராபாத்தின் சையது அப்துல் ரகீம். மூன்றாம் தடுப்பாளரை அவர் இந்திய அணியில் நிலைபெறச் செய்தார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் எடுத்த முடிவு இன்னும் வியப்புக்குரியது. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்ட பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை, அரையிறுதியிலும் இறுதியிலும் நடு முன்கள வீரராக அவர் இறக்கினார். தென்கொரியாவை 2-1 என வென்ற இறுதியாட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். கோல்கம்பத்தைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ்; மெட்ராஸ் ரெஜிமெண்டில் முன்கள வீரராகத் தொடங்கிக் கோல்காப்பாளர் ஆனவர். பின்களத்தான் முன்னே, முன்களத்தான் பின்னே. ஜர்னைலை முன்னே அனுப்ப ரகீமால் முடிந்ததற்குக் காரணம், பின்களத்தில் அவர் இடத்தை நிரப்ப அருண் கோஷும் சந்திரசேகரும் இருந்தனர் என்பதே. மாற்று எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதை அவர் சரியாகக் கணக்கிட்டார்.

இதே கணக்கைத் தவறாகப் போட்ட இடமொன்று உண்டு. அது கோலார் தங்கவயல்.

1880 முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் அங்குச் சுரங்கங்களை நிர்வகித்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் என்னும் சுரங்கங்களில் இடங்கள் பிறப்பை வைத்தே வகுக்கப்பட்டன. மேற்பார்வைக்கு ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், காவலுக்குப் பஞ்சாபியர், பூமிக்கடியில் பாறை உடைக்க வட ஆர்க்காட்டிலும் சித்தூரிலுமிருந்து வந்த தமிழர், அவருள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். கங்காணிகள் ஆள் பிடித்துக் கொடுத்தனர். மேலே நிற்பவன் அரியவன், கீழே இறங்குபவன் ஒருவன் போனால் மற்றொருவன் கிடைப்பான் என்பதே நிர்வாகத்தின் துணிபு. கூலியும் குடியிருப்பும் அத்துணிபின்படியே அளக்கப்பட்டன.

1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்ய நிர்வாகம் முற்பட்டபோது, அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வலுவான சங்கம் ஏதும் உருவாகாத காலம் அது. ஆயினும் சுரங்கங்கள் நின்றன; நிர்வாகம் பின்வாங்க நேர்ந்தது. எளிதில் மாற்றத்தக்கவர் என்று எண்ணப்பட்டோரே மாற்ற இயலாதவர் என்பது அப்போது தெளிவாயிற்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறை தானே வெடித்துச் சிதறும் விபத்தைத் தங்கவயலார் ஏர்பிளாஸ்ட் என்பர். அதற்கு முன் பாறையின் ஓசை மாறுவதைச் செவியால் அறிந்து, முட்டுக்கொடுத்து, பக்கத்தில் நிற்பவனை விலகச் சொல்லும் அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. சுரங்கத்தில் முதல் வேலை தங்கம் எடுப்பதன்று. மேற்கூரை விழாமல் தாங்குவது. பொன்னைக் கண்டவர் பெயர் பெற்றனர். தாங்கியவர் பெயர் பெறவில்லை. கால்பந்திலும் நெடுங்காலம் அதுவே வழக்கம்.

2017 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் அணிகள் மும்பையில் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. முதல் வாய்ப்பு, டாடா ஸ்டீல் தொடங்கிய புதிய அணியான ஜாம்ஷெட்பூருக்குக் கிட்டியது. அவ்வணி எடுத்தது கோல் அடிக்கும் ஒருவரை அன்று. கேரளத்தின் நடுப் பின்கள வீரர் அனஸ் எடத்தொடிகாவை, 1.10 கோடி ரூபாய்க்கு. நல்ல இந்தியத் தடுப்பாளர் அரியர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பஞ்சபாண்டவர் காலத்திலிருந்து அந்த ஒரு தேர்வுக்கு வந்துசேர ஏறத்தாழ எழுபதாண்டுகள் ஆயின.

ஆலை உயிரோடிருக்கும் இரும்பு நகருக்கு ஓர் அணி கிடைத்தது. பொன்னகரின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமோ 2001இலேயே மூடப்பட்டுவிட்டது. இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் ரயில்களில் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கும் அவர்களை எடைபோடும் கணக்கு ஒன்றே: இவர் போனால் அடுத்தவர் யார்? கேள்வியில் பிழையில்லை. விடை கூறுவோர், தாங்கி நிற்பவனின் அருமையை அவன் விலகிய பின்னரே அறிகின்றனர் என்பதே பிழை. ஹெல்சிங்கியில் அதன் விலை பத்துக் கோல்கள். தங்கவயலில் அந்த விலையை எவரும் எழுதி வைக்கவில்லை.