பயிற்சிக் கடனும் பணி விலகும் சுதந்திரமும்

செல்லப் பிராணிகளுக்கான உணவும் கூண்டும் விற்பதோடு, நாய்களைக் குளிப்பாட்டி, உரோமம் கத்தரித்து, நகம் வெட்டி அனுப்பும் சேவையையும் நடத்திவரும் அமெரிக்கச் சங்கிலிக் கடைகளின் ஊழியர் நிலையை ஆராயப் புகுவோர், கூலியையும் வேலை நேரத்தையுமே முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். மத்திய அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலராகவே நின்றுவிட்ட தேசத்தில் அவை அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. எனினும், அவ்விரண்டுக்கும் ஆதாரமாயிருப்பது, ஒவ்வாத வேலையை விட்டு விலகுவதற்குரிய சுதந்திரமே என்பதும், அது பறிபோன இடத்தில் ஏனைய குறைகளுக்குப் பரிகாரம் கிட்டுவது அரிது என்பதும் என் துணிபு.

பீனிக்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ஸ்மார்ட் நிறுவனத்தின்மீது, 2022 ஜூலையில், உரோமம் திருத்தும் பணியிலிருந்து விலகிய ஒருவர் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார். பயிற்சிக்கென 5,000 டாலரும் கருவிகளுக்கென 500 டாலரும் ஊழியர் பெயரில் கடனாக எழுதப்பட்டு, இரண்டாண்டுகள் நிறையும் முன் அவர் விலகினால் அத்தொகை வசூலிக்கப்படும் என்ற ஒப்பந்தமே வழக்கின் மூலம். நம் நாட்டுக் கம்பெனிகள் புதிதாகச் சேரும் இளைஞரிடம் எழுதி வாங்கும் ‘பாண்டு’ பத்திரத்துக்கு இது நெருங்கிய உறவு. இலவசம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட அப்பயிற்சியில் சில வாரங்களே கற்பித்துவிட்டு, கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளரின் நாய்களையே தம்மிடம் ஒப்படைத்தனர் என்பது வழக்காளியின் வாதம்.

செலவு செய்து தொழில் கற்பித்தபின் ஊழியர் போட்டிக் கடைக்குச் சென்றுவிட்டால் நஷ்டத்தை யார் ஏற்பது என்று முதலாளி தரப்பு கேட்பது அர்த்தமற்ற கேள்வியன்று. எங்கும் பயன்படக்கூடிய திறமையைக் கற்பிக்கும் செலவு, பயிற்சிக் காலத்துக் குறைந்த கூலியின் வாயிலாகத் தொழிலாளியின் தலையிலேயே விழுகிறது என்று பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1964-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியிருக்கிறார். அந்தத் தர்க்கத்தை ஏற்போமாயின், குறைந்த கூலிக்கு உழைத்து, வாடிக்கையாளரின் கட்டணத்தையும் கடைக்கு ஈட்டித் தந்த ஒருவரிடம் அதே செலவை மறுபடியும் கேட்பது இரட்டை வசூலேயன்றி வேறில்லை.

வேலையின் தன்மையை நோக்கினால் விலகும் சுதந்திரத்தின் அவசியம் மேலும் தெளிவாகும். நாள் முழுதும் குனிந்து நின்று, மிரண்ட பிராணியை ஒரு கையால் அடக்கி மறு கையால் கத்தரிப்பவர்க்குக் கடியும் கீறலும் மணிக்கட்டு வலியும் தொழிலோடு வருவன. இவையன்றிக் கண்ணுக்குப் புலப்படாத ஆபத்தும் உண்டு. 2016 முதல் 2018 வரை, கடைகளில் விற்கப்பட்ட நாய்க்குட்டிகளின் வழியே, பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கேம்பிலோபாக்டர் கிருமி 18 மாநிலங்களில் பரவியபோது, அடையாளம் காணப்பட்ட 118 நோயாளிகளில் 29 பேர் செல்லப் பிராணிக் கடை ஊழியர். இத்தகைய இடத்தில் தன் தேக நலம் கருதி விலக நினைப்பவர், முதலில் கடன் பத்திரத்தைக் கணக்கிட்டுப் பார்க்க நேர்வது கொடுமை. பிராணிகளின்மேல் கொண்ட வாத்ஸல்யமே அவர்களில் பலரை இத்தொழிலுக்கு அழைத்துவந்தது என்பதை எண்ணுங்கால் என் மனம் மேலும் வருந்துகிறது.

கடனைக் கொண்டு தொழிலாளியைக் கட்டிவைப்பது அமெரிக்க நீதிமன்றத்துக்குப் புதிய கேள்வியன்று. முன்பணம் பெற்றவன் வேலையை விட்டால் அவனை மோசடிக்காரனாகவே அனுமானித்த அலபாமா சட்டத்தை, 15 டாலர் முன்பணம் வாங்கிய ஒரு கறுப்பினத் தொழிலாளியின் வழக்கில், அடிமைமுறையை ஒழித்த, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்துக்கு முரணானதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911-இல் ரத்து செய்தது. முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையே கொடிய வேலை நிலைமைகளுக்கு எதிரான காப்பு என்று அதே நீதிமன்றம் 1944-இல் புளோரிடா வழக்கொன்றில் விளக்கிற்று. அவ்விரு தீர்ப்புகளும் தடுத்தது சிறைத் தண்டனையின் நிர்ப்பந்தத்தையே. சிவில் கடனின் நிர்ப்பந்தத்தை அவை தொடவில்லை என்பது உண்மை. ஆயினும், கையிருப்பில்லாத கூலிக்காரருக்கு 5,500 டாலர் கடனும் அதே வேலையில் கட்டிவைக்கும் தளைதான். ஆகவே 1944-இன் நியாயம் இதற்கும் முழுமையாகப் பொருந்தும் என்பது என் முடிவு.

கலிபோர்னியா சட்டமன்றம் 2025-இல் இத்தகைய ஒப்பந்தங்களைச் சில விலக்குகளோடு தடைசெய்தது. அத்தடை 2026 ஜனவரி 1 முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களுக்கே உரியது. அதற்கு முன் கையெழுத்திட்டவர்களை அது விடுவிக்கவில்லை.