ஆளுமைப் பண்புகளும் கல்வியும்

ஒருவரின் சிந்தனையிலும் உணர்விலும் நடத்தையிலும் நெடுங்காலம் நிலைத்துத் தெரியும் போக்குகளே ஆளுமைப் பண்புகள். கல்வி உளவியலில் இவற்றைப் பெரும்பாலும் ஐந்து கூறுகளாகப் பிரித்து ஆராய்கிறார்கள்: பொறுப்புணர்வு, புதியன நாடல், புறமுகத்தன்மை, இணக்கம், உணர்ச்சி நிலையின்மை.

இந்தப் பகுப்பின் வேர் அகராதியில் இருக்கிறது. 1936இல் அமெரிக்க உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் மனிதரை வருணிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ 18,000ஐத் தொகுத்தனர். பின்வந்தவர்கள் அவற்றைச் சுருக்கிக்கொண்டே போனார்கள். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு நடத்திய டூப்ஸ், கிறிஸ்டல் இருவரும் ஐந்து கூறுகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதைக் கண்டனர்.

கற்றலைப் பொறுத்தவரை முதலிடம் பொறுப்புணர்வுக்கே. ஆர்தர் போரோபாட் 2009இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 70,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவைத் திரட்டியது. பொறுப்புணர்வுக்கும் கல்வி அடைவுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு சுமார் 0.22. பார்வைக்குச் சிறிய எண்தான். ஆனால் நுண்ணறிவின் பங்கைக் கழித்த பிறகும் அது பெரிதாகக் குறையவில்லை. அன்றன்றைய பாடத்தை அன்றே படிப்பது, விளங்காததை மறுபடி எடுத்துப் பார்ப்பது, குறித்த நாளில் ஒப்படைப்பை முடிப்பது என்று நாள்தோறும் சேரும் சிறு செயல்களே மதிப்பெண்ணாகின்றன. மாணவர் தம்மைப் பற்றித் தாமே தரும் மதிப்பீட்டைவிட, அவரை அறிந்த பிறர் தரும் மதிப்பீடு அடைவோடு நெருக்கமாகப் பொருந்துவதாகப் போரோபாட்டே 2014இல் காட்டினார். வகுப்பாசிரியரின் கூர்ந்த கவனிப்புக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

புதியன நாடுவோர் மனப்பாடத்தோடு நிற்காமல் பொருளைத் துருவுவர். உணர்ச்சி நிலையின்மை மிகுந்தால் தேர்வு அச்சமும் கூடும்.

பணிசார் வளர்ச்சியிலும் நிலை பெரிதும் இதுவே. பாரிக், மவுண்ட் இருவரின் 1991ஆம் ஆண்டு ஆய்வில், ஆராய்ந்த எல்லாத் தொழில் பிரிவுகளிலும் பொறுப்புணர்வு பணித்திறனோடு தொடர்புற்றது. பயிற்சியில் தேறுவதற்குப் புறமுகத்தன்மையும் புதியன நாடலும் துணைநின்றன. ஆசிரியர்களைப் பற்றிய 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் இணக்கம் தவிர்த்த நான்கு பண்புகள் கற்பித்தல் திறனோடு தொடர்பு காட்டின. உணர்ச்சி நிதானம் உள்ளவர்களிடம் பணிச்சோர்வு குறைவு. இத்தொடர்புகள் வலுவற்றவை, ஆளுமை வினாப்பட்டியலில் தம்மை உயர்த்திக் காட்டுவதும் எளிது. எனவே ஆளுமைச் சோதனையை மட்டும் கொண்டு ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது தவறு.

பண்புகள் பிறப்போடு முடிந்துபோவன அல்ல. பிரெண்ட் ராபர்ட்ஸ் குழு 2006இல் 92 நீள்கால ஆய்வுகளைத் தொகுத்தபோது, இருபது முதல் நாற்பது வயதுக்குள் பொறுப்புணர்வு குறிப்பிடத்தக்க அளவு உயர்வது தெரிந்தது. ஆசிரியர்கள் பலர் பணியில் சேர்ந்து ஊன்றிக்கொள்வதும் அந்த ஆண்டுகளில்தான்.