முதல் புகைக்குழல்: ஒரு தேர்வின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் துப்பறியும் புனைகதைகள் குறித்து உரையாற்றினேன். உரை முடிந்து வினாக்களுக்கு இடமளித்தபோது, வட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, “அம்மா, ஷெர்லாக் ஹோம்ஸ் வைத்திருந்ததைப் போல ஒரு பைப் வாங்க வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை. முதன்முதலாக வாங்குகிறவன் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?” என்று கேட்டார். அவையில் சிரிப்பெழுந்தது. புகைபிடித்தறியாத தமிழாசிரியையிடம் கேட்கத்தக்க கேள்விதானா இது என்று தலைவரும் நகைத்தார். நானும் ஏதோ கூறி அமர்ந்துவிட்டேன். ஆயினும் அக்கேள்வி என்னை விட்டகலவில்லை. ஒரு பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று வினவுபவர், அப்பொருள் எவ்வாறு உருவாயிற்று என்பதையும் அறிந்தாக வேண்டும். பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென நண்பர்கள் பணித்தபோது, அன்று தராத விடையை இன்று தரலாம் எனத் துணிந்தேன்.

களிமண்ணின் காலம்

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-இல் கொலம்பஸுடன் சென்றவர்கள் அம்மண்ணின் மக்கள் அதனைப் புகைப்பதைக் கண்டனர். போர்த்துக்கல்லில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, 1560-ஐ ஒட்டித் தம் நாட்டு அரசவைக்கு அதனை அனுப்பிவைத்தார். நிக்கோட்டின் என்ற பெயர் அவர் பெயரிலிருந்து பிறந்ததே. கடல்வழியே அச்செடி நம் நாட்டிற்கும் வந்தது. தமிழ் அதற்குப் புகையிலை என்று பெயரிட்டது. சுருட்டு என்னும் தமிழ்ச்சொல் ‘செரூட்’ என ஆங்கிலம் புகுந்தது. புகைபிடிக்கும் குழலுக்குச் சுங்கான் என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர், பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்பும் ‘புகையிலை விடு தூது’ என்னும் சிற்றிலக்கியத்தைப் பாடினார். அதனைப் பதிப்பித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்பதை நம் வட்டத்தார் அறிவர்.

ஐரோப்பியர் முதலில் பெருவழக்காகக் கைக்கொண்டது களிமண் குழல். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அது பரவியது. பின்னர் இங்கிலாந்தில் புரோஸ்லியும் ஹாலந்தில் கௌடாவும் களிமண் குழலுக்குப் பேர்பெற்ற ஊர்களாயின. தொடக்கக் காலக் குழல்களின் கிண்ணம் மிகச் சிறியது. புகையிலையின் விலை அத்துணை உயர்ந்திருந்தது. விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது, தண்டு நீண்டது, தண்டினுள் ஓடும் துளையோ குறுகியது. இம்மாற்றம் ஓர் ஒழுங்கில் நிகழ்ந்ததை அமெரிக்கத் தொல்லியலறிஞர் ஹாரிங்டன் 1954-இல் எடுத்துக்காட்டினார். 1620-க்கு முற்பட்ட தண்டுகளில் பெரும்பாலும் அங்குலத்தில் 64-இல் 9 பங்காக இருந்த துளை, 1750-க்குப் பின் 64-இல் 4 பங்காகக் குறைந்திருந்தது. குப்பையில் எறிந்த உடைந்த தண்டுகளைக் கொண்டு ஒரு குடியிருப்பின் காலத்தையே கணிக்க முடிந்தது.

களிமண் குழலுக்குச் சிறப்புகள் இருந்தன. அது மலிவானது, தன் சுவையைப் புகையிலையில் ஏற்றாதது. அதை வார்த்தெடுக்கும் பட்டறைகளில் பெண்கள் பலர் விளிம்பு சீவியும் மெருகிட்டும் உழைத்தனர். குறைகளும் இருந்தன. எளிதில் உடையும், கை பொறுக்காத அளவு சூடேறும். காய்ந்த களிமண் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நுனியில் மெழுகு பூசினர். பழைய இடுகாடுகளை அகழ்ந்த ஆய்வாளர்கள், சில மண்டையோடுகளில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் வட்டமாகத் தேய்ந்திருப்பதைக் கண்டுள்ளனர். ஆண்டுக்கணக்கில் களிமண் தண்டைக் கடித்தவர்களின் பற்கள் அவை. குழல் மனிதன் மேல் விட்ட தடம் அது.

கடல்நுரையும் காட்டுமரமும்

களிமண்ணின் குறை நீக்க வந்தது மீர்ஷாம். ஜெர்மன் மொழியில் கடல்நுரை என்று பொருள்படும் இவ்வெண்ணிறக் கனிமம், துருக்கியின் எஸ்கிஷெகிர்ப் பகுதியில் தோண்டியெடுக்கப்படுவது. எடை குறைந்தது; கத்திக்கு இசைவது. வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் சிற்பிகள் அதில் மனிதத் தலைகளையும் விலங்குகளையும் செதுக்கினர். புகைக்கப் புகைக்க அது வெண்மை மாறிப் பொன்னிறமும் பழுப்பும் ஏறும். ஆனால் விலை செல்வர்க்கே எட்டும். கை தவறினால் உடையும். எளியவர்கள் செர்ரி, பீச் முதலிய மரங்களைக் குடைந்து பார்த்தனர். அவை உடையவில்லை, ஆனால் நாளடைவில் கரிந்து துளைபட்டன. உடையாததும் எரியாததும் விலை மிகாததுமான ஒரு பொருளுக்கு ஐரோப்பா ஏறத்தாழ முந்நூறு ஆண்டு காத்திருந்தது எனலாம்.

அப்பொருள் மண்ணுக்கடியில் இருந்தது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த கார்சிகா, சார்டினியா, கலாப்ரியா, அல்ஜீரியா முதலிய இடங்களின் வறண்ட சரிவுகளில் வளரும் புதர்மரம் எரிக்கா ஆர்போரியா. வேரும் தண்டும் கூடுமிடத்தில் அது உருண்டையாகப் பருத்து ஒரு வேர்முண்டை வளர்க்கிறது. காட்டுத்தீயில் மேற்பகுதி முழுதும் எரிந்துபோனாலும், அம்முண்டிலிருந்து மரம் மீண்டும் துளிர்க்கும். தீயிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் புதர் வளர்த்த உறுப்பையே மனிதன் தீயை ஏந்தும் கிண்ணமாக்கினான். பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் புருயேர். ஆங்கிலேயர் நாவில் அது பிரயர் ஆயிற்று. அதே ஒலியுடைய முட்செடிப் பெயரொன்று ஆங்கிலத்தில் முன்பே இருந்தமையால், இம்மரத்தை ரோஜா வகையெனக் கருதி மயங்குவோர் இன்றும் உளர்.

நெப்போலியன் பிறந்த ஊரைக் காணக் கார்சிகா சென்ற ஒருவர் தம் மீர்ஷாம் குழலை உடைத்துக்கொள்ள, உள்ளூரார் இவ்வேரில் அவருக்கு ஒன்று குடைந்து கொடுத்தனர் என்றொரு கதை வழங்குகிறது. கதையைக் கதையாகவே கொள்வோம். வரலாறு நம்மை இட்டுச் செல்வது பிரான்சின் கிழக்கே ஜூரா மலையிலுள்ள சேன் குளோத் என்னும் சிற்றூருக்கு. அவ்வூர்ப் புனிதரின் திருவுடலை வணங்க வந்த யாத்திரிகர்களுக்காகச் செபமாலைகளையும் மரப்பொருள்களையும் கடைந்து விற்றவர்கள் அவ்வூர் மக்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அத்திருவுடல் எரிக்கப்பட்டது. யாத்திரையை நம்பியிருந்த கடைசல் கைகள் வேறு வேலை தேடின. வேற்றூர்க் கிண்ணங்களுக்கு மரத்தாலும் கொம்பாலும் தண்டுகள் செய்யும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. 1850-களில் தெற்கிலிருந்து பிரயர்க் கட்டை அங்கு வந்துசேர்ந்தபோது, அதைக் கடையக் கைகளும் பட்டறைகளும் ஆயத்தமாக இருந்தன. சேன் குளோத் உலகின் புகைக்குழல் தலைநகர் எனப் பெயர் பெற்றது. அத்தொழிலாளர் ஊரில் 1881-இல் ‘லா பிராதெர்னெல்’ என்னும் கூட்டுறவுச் சங்கமும் எழுந்தது. இன்று அங்கு எஞ்சியிருப்பவை ஒரு சில குழல் பட்டறைகளே.

கண்ணுக்குத் தெரியாத காலம்

ஒரு வேர்முண்டு பயன்படும் பருமனை அடையப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. தோண்டியெடுத்த முண்டை வெயிலில் போட்டால் வெடித்துவிடும். எனவே ஈரம் குன்றாமல் வைத்திருந்து அறுக்கின்றனர். அறுத்த கட்டைகளை மணிக்கணக்கில் நீரில் கொதிக்க வைத்துச் சாறும் துவர்ப்பும் நீக்குகின்றனர். பின்னர் நிழலில் மாதக்கணக்கில், நல்ல பட்டறைகளில் ஆண்டுக்கணக்கில், உலர்த்துகின்றனர். இவ்வளவிற்குப் பிறகும், கடையும்போது உள்ளே மணற்குழியோ கீறலோ தென்பட்டால் கட்டை தரமிழக்கும். சிறு குழிகளை மாவடைத்துச் சாயத்தால் மறைப்பதும் தொழிலில் உண்டு.

மறைக்காமல் குறையை அழகாக்கும் வழியும் கண்டனர். 1907-இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்த ஆல்பிரட் டன்ஹில், மணலை வேகமாகப் பாய்ச்சி மென்பகுதியை அரித்து, மரத்தின் வரிகள் சொரசொரப்பாகத் துருத்தி நிற்கும் குழல்களை 1917-ஐ ஒட்டி வெளியிட்டார். அயர்லாந்தின் டப்ளின் நகரில் சார்லஸ் பீட்டர்சன், புகையில் ஊறும் ஈரம் வாய்க்கு வராமல் தங்கச் சிறு குழியமைத்த குழலுக்கு 1890-இல் காப்புரிமை பெற்றார். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றிய எபனைட், வாய்ப்பகுதிக்குக் கொம்பின் இடத்தைப் பிடித்தது. களிமண் பல்லைத் தேய்த்தது; எபனைட்டோ பல்லின் தடத்தைத் தான் ஏற்றது. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலுள்ள ஐன்ஸ்டைனின் குழலில் அவர் கடித்துத் தேய்த்த தடத்தை இன்றும் காணலாம்.

எதைப் பார்ப்பது?

இனி அவ்விளைஞரின் கேள்விக்கு வருவோம். கடையில் நிற்பவர் கண்ணுக்கு முதலில் படுவன வடிவமும் பளபளப்பும். மேற்கண்ட வரலாறு நம்மை வேறிடத்தில் பார்க்கச் சொல்கிறது. கிண்ணத்தின் உட்புறத்தை வெளிச்சத்தில் நோக்க வேண்டும். தண்டினுள் வரும் காற்றுத்துளை, கிண்ணத்தின் அடித்தளத்தில் நடுவாகத் திறக்க வேண்டும். மேலே திறந்தால் அடிப்புகையிலை எரியாமல் ஈரமாகத் தேங்கும். துப்புரவுக் கம்பியொன்றை வாய்ப்பகுதியிலிருந்து செலுத்தினால் அது தடையின்றிக் கிண்ணத்தை எட்ட வேண்டும். கிண்ணச் சுவர் மெலிந்திருந்தால் கை சுடும். ஆதலின் தொடங்குவோர்க்குச் சற்றுத் தடித்த சுவரும் நடுத்தரக் கிண்ணமுமே ஏற்றவை. தண்டும் வாய்ப்பகுதியும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். நேர்த்தண்டு துப்புரவுக்கு எளிது. வளைதண்டு பல்லுக்குப் பளு குறைவு. வரிகளின் அழகு விலையை உயர்த்துமேயன்றிப் புகையை உயர்த்தாது. கனத்த வண்ணப்பூச்சு எதையோ மறைப்பதாகவும் இருக்கலாம். சொரசொரப்பான குழல் விலை குறைந்தும் பணியில் குறையாததாகவும் இருக்கும். புதுக் குழலில் முதலில் பாதியளவே நிரப்பி மெல்லப் புகைத்து, உட்சுவரில் கரிப்படலம் படியவிட வேண்டும் என்பது பழகியவர்கள் வழக்கம். பெருஞ்செலவுக்கு அஞ்சுவோர்க்கு மக்காச்சோளத் தக்கைக் குழலும் உண்டு. 1869-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்னும் சிற்றூரில் ஹென்றி டிபி என்ற மரக்கடைசல்காரர் கடையத் தொடங்கிய அது, இன்றளவும் எளியவரின் குழலாக நிற்கிறது.

ஹோம்ஸைப் போன்ற குழல் வேண்டும் என்றாரே! கதைகளில் ஹோம்ஸிடம் ஒரு குழல் மட்டும் இல்லை. கரிய களிமண் குழலும் செர்ரி மரக் குழலும் பழைய பிரயர்க் குழலும் மனநிலைக்கேற்ப மாறி வருகின்றன. நாம் படங்களில் காணும் பெரிய வளைந்த சுரைக்காய்க் குழலை கானன் டாயில் எங்கும் எழுதவில்லை. அது பின்னாளைய மேடையும் திரையும் சார்ந்த படிமம். 1887-இல் வெளிவந்த முதல் கதையில் ஹோம்ஸ் சாம்பலைக் கண்டு அடையாளம் கூறுவது நம் திருச்சிராப்பள்ளிச் சுருட்டை என்பது நமக்குச் சுவையான செய்தி. இளைஞர் விரும்பிய குழல், எழுத்தாளர் படைக்காத ஒரு குழல். படைப்பாளியாகத் தோன்றுவதற்குக் குழலேந்த விரும்பும் எவரும் இதனைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

இறுதியாக ஒன்று

தேர்வு என்பதில் வேண்டாவெனத் தேர்வதும் அடங்கும். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604-இலேயே புகையிலையைக் கண்டித்து நூல் எழுதினார். அதனைப் பிறர் வெறுப்பெனத் தள்ளினர். 1795-இல் ஜெர்மன் மருத்துவர் சம்மரிங், குழல் புகைப்போர் உதட்டில் புற்று தோன்றுவதைப் பதிவு செய்தார். 1950-இல் டாலும் ஹில்லும் புகைப்பழக்கத்திற்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை எண்களால் நிறுவினர். குழல்காரர் புகையைப் பெரும்பாலும் உள்ளிழுப்பதில்லை. ஆகவே தீங்கில்லை என்னும் ஆறுதல் நெடுங்காலம் நிலவியது. உதடு, நாக்கு, தொண்டை ஆகியவற்றிற்கு அந்த ஆறுதல் பொருந்தாது. நுரையீரலுக்கும் அது முழுக் காப்பாகாது.

என் தந்தையாரும் கல்லூரி ஆசிரியர். அவரிடம் ஒரு பிரயர்க் குழல் இருந்தது. விடைத்தாள் திருத்தும் இரவுகளில் அது அவர் வாயிலிருந்து இறங்காது. நாவில் கண்ட நோய் அவரை அறுபது வயதிற்குள் கொண்டுபோயிற்று. கடைசி ஆண்டில் அவரால் பாடம் சொல்ல இயலவில்லை, எழுதிக் காட்டினார். அக்குழல் இப்போது என் மேசையறையில் இருக்கிறது. இக்கட்டுரைக்காக அதை எடுத்துப் பார்த்தேன். காற்றுத்துளை கிண்ணத்தின் அடியில் நடுவாகத் திறக்கிறது. சுவர் தடிப்பாக உள்ளது. மாவடைத்த குறை ஏதுமில்லை. நான் மேலே கூறிய இலக்கணம் அனைத்தும் அமைந்த நல்ல குழல்தான். வாய்ப்பகுதியில் அவர் பல்லின் தடம் இருக்கிறது.

அன்று கேட்ட நண்பர் இதனைப் படிப்பாரென நம்புகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்றார். பார்க்க வேண்டியவற்றைக் கூறிவிட்டேன். முடிவை அவர் எடுக்கட்டும். எடுக்குமுன் என் இல்லத்திற்கு ஒருமுறை வந்தால், அந்தக் குழலை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன்.